சிங்காநல்லூர் வளவும் அமெரிக்கக் கடலோர ஊரும்: முதியோர் வாடகை வீடுகள் குறித்து ஒரு பதில்

சிங்காநல்லூர்ப் பக்கம் 14 லைன் வீடுகள் கொண்ட ஒரு வளவில் (ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகளின் தொகுப்பில்) குடியிருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் 65 வயதைக் கடந்த பழைய மில் தொழிலாளர்கள் என்றும், உரிமையாளர் இறந்தபின் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இடத்தை விற்க முனைகிறார்கள் என்றும், அமெரிக்காவில் விலை ஏறிப்போன கடலோர ஊர்களில் வசதி குறைந்த முதியோரின் வீடுகளைக் காப்பாற்ற ஏற்பாடுகள் உண்டெனக் கேள்விப்பட்டதால் அவற்றில் ஏதேனும் கோவைக்குப் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டங்கள் அப்படியே இங்கே பொருந்தா. ஆனால் அந்த ஊர்கள் காலம் கடந்து புரிந்துகொண்ட ஒன்று நமக்கு முழுமையாகப் பொருந்தும்: குறைந்த வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு எப்போது முடிகிறது, முடியும் நாளில் நிலம் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பவர்களால் மட்டுமே அந்த வீட்டைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது.

கடலே இல்லாத கொங்கு நாட்டோடு கடலோர ஊரை ஒப்பிடுவது முதலில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் அங்கே விலையை ஏற்றுவது கடல் என்றால், இங்கே அதே வேலையைச் சிறுவாணித் தண்ணீரும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் நல்ல மருத்துவமனைகளும் செய்கின்றன. சென்னையிலும் வெளிநாட்டிலும் சம்பாதித்து ஓய்வுபெற்றவர்கள் கோவையைத் தேடி வருகிறார்கள்; வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் வசதி படைத்த முதியோருக்கென்றே தனிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அவர்கள் வருவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் பணம் நிலத்தின் விலையை நிர்ணயிக்கத் தொடங்கிவிட்டால், அந்த ஊரிலேயே உழைத்து மூப்படைந்தவர்களின் வருமானத்துக்கும் அந்த ஊரின் வாடகைக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. கலிஃபோர்னியக் கடற்கரையில் நடந்ததும் இதுதான்.

அமெரிக்காவில் முதியோர் வாடகை வீடுகளுக்கான தனித்திட்டம் 1959ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 202ஆம் பிரிவில் தொடங்கியது. தொடக்கத்தில் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் குறைந்த வட்டிக் கடனாக இருந்த அது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மூலதன மானியமாக மாறியது. கட்டுமானப் பணத்தை அரசு தருகிறது. 62 வயதுக்கு மேற்பட்ட, மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கே 40 ஆண்டுகள் வாடகைக்கு விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குடியிருப்பவர் தம் வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுத்தால் போதும்; நடத்தும் செலவில் விழும் குறையை அரசு ஈடுசெய்கிறது. இதற்கு அப்பால், 1986இல் கொண்டுவரப்பட்ட வரிச்சலுகைத் திட்டத்தின் கீழ்த் தனியார் கட்டிய குறைந்த வாடகை வீடுகளும் ஏராளம். அவற்றுக்கு முதலில் 15 ஆண்டுக் கட்டுப்பாடு இருந்தது. பிறகு அது குறைந்தது 30 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

சிக்கல் தொடங்கியதும் இந்த ஆண்டுக் கணக்கில்தான். கெடு முடிந்த மறுநாள் அந்தக் கட்டடம் சந்தைக்கு வந்துவிடுகிறது. விலை மந்தமான உள்நாட்டு ஊரில் உரிமையாளர் கெடுவைப் புதுப்பித்துக்கொண்டு மானியத்தைத் தொடர்ந்து வாங்குவார். கடலோர ஊரிலோ சந்தை வாடகை மானியத்தைவிடப் பல மடங்கு இருப்பதால் அவர் வெளியேறவே விரும்புவார். ஆகவே விலை உயர்ந்த ஊரில்தான் கெடுவின் ஆபத்து மிகுதி. இதை எதிர்கொள்ள மாநிலங்கள் புதுமையாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. முன்னறிவிப்பையும் முதல் வாய்ப்பையும் சட்டமாக்கின. கலிஃபோர்னியாவில் கட்டுப்பாடு முடிவதற்கு மூன்றாண்டு, ஓராண்டு, ஆறு மாதம் முன்பாக உரிமையாளர் குடியிருப்போருக்கும் உள்ளாட்சிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகையைக் குறைவாகவே வைத்திருக்க உறுதி தரும் அமைப்புகளுக்கு வாங்கும் வாய்ப்பை முதலில் தர வேண்டும். அவர்கள் சந்தை மதிப்பில் விலை கேட்டால் உரிமையாளர் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாதபடி 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இறுக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2009இலேயே இதுபோன்ற முதல் உரிமையை மாநில அரசுக்கும் அது நியமிக்கும் அமைப்புக்கும் கொடுத்துவிட்டது. உரிமையாளர் நஷ்டப்படுவதில்லை, அவருக்குச் சந்தை விலை கிடைத்துவிடுகிறது. வாங்குபவர் யார் என்பது மட்டும் மாறுகிறது.

கடலோர ஊர்களில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது சான்டா மோனிகாவின் அனுபவம். அங்கே 1979இல் மக்கள் வாக்களித்து வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 1985ஆம் ஆண்டின் ஒரு மாநிலச் சட்டம், வாடகைத் தொழிலையே விட்டுவிட விரும்பும் உரிமையாளர் குடியிருப்போரை வெளியேற்ற வழிவிட்டது. 1995ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், வீடு காலியானவுடன் புதிதாக வருபவருக்குச் சந்தை வாடகை வைக்க அனுமதித்தது. விளைவாக, பல ஆண்டுகளாக இருந்துவரும் முதியவரின் வாடகை மட்டும் கட்டுக்குள் இருக்கிறது. அவர் ஒருமுறை வெளியேறினால் திரும்ப வரவே முடியாது. அப்படி இருந்தும் சிலரால் அந்தக் குறைந்த வாடகையைக்கூடக் கட்டிவிட்டுச் சாப்பிட முடியவில்லை. ஆகவே 2017இல் அந்த நகராட்சி, வெகுகாலமாகக் குடியிருக்கும் ஏழை முதியோருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் சிறு சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் கணக்கிட்ட முறைதான் கவனிக்க வேண்டியது: வருமானத்தில் வாடகை எத்தனை சதவீதம் என்று பார்க்காமல், வாடகை கட்டியபின் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அது உணவுக்கும் மருந்துக்கும் போதுமா என்று பார்த்தார்கள்.

இந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால்தான் நம் நிலைமையின் கடுமை விளங்கும். மில் தொழிலாளர்களுக்குப் பொருந்தும் 1995ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என 2014இல் நிர்ணயிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குட்பட்டவருக்கு வெறும் 200 ரூபாய். அமெரிக்க 30 சதவீத விதியை இங்கே வைத்தால், 1,200 ரூபாய் வாங்கும் ஒரு பாட்டியம்மாள் 360 ரூபாய்தான் வாடகை தரலாம். கோவையில் ஓட்டு வீட்டின் ஓர் அறைகூட அந்தத் தொகைக்குக் கிடைக்காது. அதாவது, நம் ஏழை முதியோரின் வாடகையால் நிலத்தின் விலையை மட்டுமல்ல, கட்டடச் செலவையும் ஈட்ட முடியாது. கழிவுநீர்த் தொட்டி எடுப்பது, மோட்டாருக்கான மின்கட்டணம், சொத்துவரி, ஓடு மாற்றுவது ஆகியவற்றுக்கு மட்டுமே ஓரளவு பங்களிக்க முடியும். எனவே நிலத்துக்கு விலையில்லாத இடத்தில்தான் இவர்களுக்கான வீடு நிலைக்கும். எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் இந்த உண்மையை மறைத்துவிட்டுப் பேசுவது வீண்.

கோவையின் லைன் வீடுகள் இதுவரை நிலைத்ததும் நிலத்தை யாரும் விலைபோட்டுப் பார்க்காத காலத்தில் அவை எழுந்ததால்தான். 1888இல் முதல் நூற்பாலை வந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் எங்கும் மில்லுக்குள்ளே கம்பெனி குவார்ட்டர்ஸும், மில்லுக்கு வெளியே தோட்ட உரிமையாளர்கள் தங்கள் நிலத்தின் ஓரத்தில் கட்டிவிட்ட வளவுகளும் உருவாயின. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓர் அறையும் ஒரு சமையலறையும், பொடக்காலியில் (வீட்டின் பின்புறத்தில்) பொதுக் கழிப்பறையும் என்ற அமைப்பு. மூன்று ஷிப்டும் ஓடிய காலத்தில் அது தொழிலாளருக்கும் உரிமையாளருக்கும் ஒருசேரப் பயன்பட்டது. மில்கள் ஒவ்வொன்றாக நின்றபின் இளையவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள், முதியவர்கள் தங்கிவிட்டார்கள். தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 ஊரடங்கில் நிறுத்தப்பட்டபோது எஞ்சியிருந்த தொழிலாளர் குடும்பங்களின் நிலையும் இதுவாயிற்று. இன்று அவினாசி சாலையில் 1910இல் தொடங்கிய லட்சுமி மில்ஸின் வளாகத்தில் பேரங்காடி நடக்கிறது. மில் நிலத்தின் மதிப்பு நூலில் இல்லை, சதுர அடியில் இருக்கிறது என்று எல்லோரும் அறிந்துவிட்ட பிறகு, அதை ஒட்டிய வளவு மட்டும் பழைய வாடகைக்கே கிடக்கும் என எதிர்பார்க்க இயலாது.

உரிமையாளர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பல வளவுகளில் உரிமையாளர் குடும்பம் வாடகையை ஆண்டுக்கணக்கில் ஏற்றாமல் விட்டிருக்கிறது. முன்பணத்தையும் பெயருக்குத்தான் வாங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் சுவர் சரிந்தால் பழி அவர்கள் மேல்தான் விழும். அவர்களுடைய பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது, வருமானம் தராத ஒரு கோடி ரூபாய்ச் சொத்தை வைத்துக்கொண்டு இருக்கச் சொல்வது நியாயமில்லை. அவர்களிடம் தர்மம் கேட்பதைவிட, விற்பதற்குள் ஒரு கால அவகாசத்தையும் முறையான ஒரு வாங்குபவரையும் ஏற்படுத்துவதே நடக்கக்கூடிய காரியம்.

இந்த இடத்தில் நம் சட்டம் கைகொடுக்கவில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கும் முறை இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது அதில் உள்ள நல்ல அம்சம். ஆனால் வளவுகளில் இருப்பவர்கள் உடனே கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி அதிலேயே இருக்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றாக 21ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் வாய்ப்பேச்சில் நம்பிக்கையாகக் குடியிருந்ததே இன்று அவர்களுக்கு எதிரான ஆயுதமாகலாம். இடித்துக் கட்டுவதும் ஒரு காரணமாக ஏற்கப்படுகிறது. புதுக் கட்டடத்தில் அதே வாடகைக்கு இடம் கிடைக்கும் என்ற உறுதி சட்டத்தில் இல்லை. கலிஃபோர்னியாவில் உள்ளது போன்ற மூன்றாண்டு முன்னறிவிப்போ, வாங்கும் முதல் வாய்ப்போ நம்மிடம் இல்லவே இல்லை. அடுக்குமாடி வீடுகளுக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டமும் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. அதிலும் வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு கிடையாது.

அரசு வீடு கட்டித் தருகிறதே, அங்கே போகலாமே என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறியது) கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறது. கோவையின் குளக்கரைகளில் இருந்த குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அந்த வீடுகளின் தரத்தை நான் குறை சொல்லவில்லை. முதியோருக்கு அவை பொருந்துமா என்பதே கேள்வி. சிங்காநல்லூரில் இருக்கும் ஓய்வுபெற்ற மில் தொழிலாளிக்கு நடந்துபோகும் தூரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் மட்டும் கட்டினால் அவரும் மனைவியும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம். அவருடைய வருமானத்தில் இதைவிடப் பெரிய சொத்து எதுவும் இல்லை. அவரை ஊருக்கு வெளியே மூன்றாவது மாடியில் குடிவைத்தால் வாடகை மிச்சமாகும், மாத்திரை வாங்க வருவதற்கு அந்த மிச்சம் செலவாகும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. முதியவர் ஆணாக இருந்தால் பேருந்துக் கட்டணமும் செலவில் சேரும். மளிகைக்கடையில் கடன் சொல்லும் பழக்கம், ரேஷன் வாங்கிவந்து தரும் பக்கத்து வீட்டுப் பையன், இரவில் நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டக் கூடிய ஆள் ஆகிய எதுவும் ஒதுக்கீட்டு ஆணையில் வருவதில்லை.

வாரிய வீடுகளிலும் அதே கெடு ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தவணைமுறையில் ஒதுக்கப்பட்ட வீட்டுக்கு முழுத் தொகையும் கட்டி விற்பனைப் பத்திரம் பெற்றபின் அது தனிச்சொத்து. காலப்போக்கில் கைமாறிச் சந்தை விலைக்குப் போய்விடுகிறது. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் பெரும்பகுதியும் சொந்த வீட்டையே நோக்கமாகக் கொண்டது; 2020இல்தான் குறைந்த வாடகை வளாகங்கள் என்ற துணைத்திட்டம் வந்தது, அதுவும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களை முதன்மையாக மனதில் வைத்து. 70 வயதில் தவணை கட்டிச் சொந்த வீடு வாங்க முடியாத ஒருவருக்கு, சாகும்வரை யாரும் வெளியேற்றாத வாடகை வீடே தேவை. பத்திரம் அவருக்கு எதற்கு?

ஆகவே நிலத்தைச் சந்தையிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடும் முறைதான் எஞ்சுகிறது. அமெரிக்காவில் இதற்குச் சமுதாய நில அறக்கட்டளை என்று பெயர். நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், வீடு மட்டும் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையில் குடும்பங்களிடம் இருக்கும். 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்களுக்காக இதன் முதல் வடிவத்தை அமைத்தவர்கள், வினோபா பாவேயின் கிராமதானத்தையும் ஒரு முன்மாதிரியாகக் கொண்டிருந்தார்கள். நிலம் ஊருக்கே உரியது, வெளியாருக்கு விற்க முடியாது, உழுபவர் அனுபவிக்கலாம் என்ற கருத்து நம்மிடமிருந்து போய், அங்கே நகர வீடுகளுக்கான முறையாக வளர்ந்திருக்கிறது. கோவைக்கு அது அந்நியச் சரக்கு அல்ல. 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாம் பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைத்த ஊர் இது. அந்த மரபு கல்விக்கும் மருத்துவத்துக்கும் பெருமளவில் வந்தது. வாடகை வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் இன்றைக்கு நாம் இந்தக் கேள்வியைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன்.

நிலம் விற்கப்படாமல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. ஆனால் வாடகை நில மதிப்பை ஒட்டி நிர்ணயிக்கப்படுவதால், கோயில் மனையில் வீடு கட்டி வாழும் ஏழைகளும் ஊர் விலை ஏறும்போதெல்லாம் நெருக்கப்படுகிறார்கள். கோயிலுக்கு வருமானம் வேண்டும் என்பது நியாயமே. முதியோர் வீடு என்று ஒதுக்கும் நிலத்தில் வாடகை குடியிருப்போரின் வருமானத்தோடு கட்டப்பட வேண்டும், நில மதிப்போடு அல்ல என்பதை ஆவணத்திலேயே எழுதினால்தான் நோக்கம் நிறைவேறும். மூடிக்கிடக்கும் பஞ்சாலைக் கழக மில்களின் நிலம் பொதுச்சொத்து. அவற்றின் எதிர்காலம் முடிவாகும்போது சிறு பகுதியை இந்த நிபந்தனையோடு மாநகராட்சிக்கு நீண்ட குத்தகைக்கு விடும்படி கேட்பது, புதிதாக நிலம் வாங்குவதைவிட எளிது. தரைத்தளம் முழுவதும் முதியோருக்கு, மேல்தளம் இளம் தொழிலாளர்களுக்கு என்று கலந்து கட்டினால் மேல்தள வாடகை கீழ்த்தளக் குறையைச் சற்று ஈடுசெய்யும்.

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 150 பேருக்கு இடமளிக்கும் முதியோர் இல்லம் அமைப்பது பற்றி அதன் 19ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் அது ஆதரவற்றோருக்கான கடைசிப் புகலிடம், தனியே சமைத்துச் சாப்பிட்டு வாழ்பவர்களுக்கானது அல்ல. சொந்த வீட்டைப் பிள்ளைகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் முதியவர்கள், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்தால் 23ஆம் பிரிவின்படி பின்னர் அதை ரத்து செய்யக் கோரலாம். உங்கள் வளவுக்கு இது நேரடியாக உதவாது.

உங்கள் வளவைப் பொறுத்தவரை, விற்பனை நடந்துவிட்டது என்பதாலேயே யாரும் வெளியேற வேண்டியதில்லை. வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறாரே தவிர, குடியிருப்பவரின் உரிமை அன்றோடு அற்றுப்போவதில்லை. வெளியேற்றுவதற்கு வாடகை நீதிமன்ற ஆணை வேண்டும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். இப்போதே 14 வீட்டாரும் சேர்ந்து உரிமையாளரின் பிள்ளைகளிடம் எழுத்துமூல ஒப்பந்தம் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அவர்கள் மறுத்தாலும், கேட்டதற்கான ஆதாரம் உங்களிடம் இருக்கும். இந்த மாதம் முதல் வாடகையை வங்கி வழியாகவோ ரசீது பெற்றோ கொடுங்கள். அவர்களிடம் சண்டைக்குப் போகாமல், விற்பதாக இருந்தால் ஓராண்டு அவகாசமும், புதிதாகக் கட்டினால் தரைத்தளத்தில் சில அறைகளும் கேளுங்கள். மனையின் அளவு பெரிதாக இருந்தால் கட்டுமானக்காரருக்கு இது தாங்கக்கூடிய செலவே, வழக்கில் இழுபடும் இரண்டு மூன்று ஆண்டுகளைவிட நிச்சயம் மலிவு. கூடவே, ஒவ்வொருவரின் வயது, ஓய்வூதியம், இ.எஸ்.ஐ. எண், எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார் என்ற விவரங்களோடு பட்டியல் ஒன்று தயாரித்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மனுவில் பொதுவாக வீடு வேண்டும் என்று எழுதினால் மலுமிச்சம்பட்டிக்குத்தான் ஒதுக்கீடு வரும். சிங்காநல்லூர் மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில், வாடகை அடிப்படையில் என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுதுங்கள்.